பொறுமை வேறு, மௌனம் வேறு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஜனங்கள் வருகிறார்கள். கோயிலுக்குள் உட்கார இடமில்லை. கூட்டம் நிரம்பியதாலா என்றால் அதுதான் இல்லை. இருக்கைகளை எல்லாம் பூட்டி வைத்துவிட்டார்கள்!

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கோயில்களில் இருக்கைகளுக்குக் கதவு உண்டு. மரத்தால் அடைத்த சின்ன அறை மாதிரி இருக்கும். குடும்பத்துக்கு ஒன்று. அதற்குச் சாவியும் உண்டு. சாவிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோருமாகப் பேசி வைத்துக்கொண்டு, பூட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் குருவானவரின் பிரசங்கத்தைத் தாங்களும் கேட்கப் போவதில்லை, வருகிறவர்களும் உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய திட்டம்.

ஆண்டு 1782. இடம், கேம்பிரிட்ஜ் நகரின் ஹோலி டிரினிட்டி ஆலயம். அந்தப் புதிய குருவானவர் சார்ல்ஸ் சிமியோன். வயது 23.

அவர் செய்த தப்பு என்ன? சபையார் ஏற்கெனவே அங்கிருந்த உதவிக் குருவானவரைத்தான் விரும்பினார்கள். ஆயரோ சிமியோனை நியமித்துவிட்டார். அது முதல் காரணம். இரண்டாவது காரணம் அவருடைய பிரசங்கம். சிமியோன் ‘இவாஞ்சலிக்கல்’ என்று அழைக்கப்படும் பிரிவைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே, வேதாகமத்துக்கும் சிலுவைக்கும் தனிமனித மனந்திரும்புதலுக்கும் அழுத்தம் கொடுக்கிறவர்கள் இவர்கள். ஞானஸ்நானம் எடுத்திருக்கிறோம், பண்டிகைக்குக் கோயிலுக்கு வருகிறோம், அது போதும் என்று இருந்தவர்களிடம், ‘உன் வாழ்க்கை மாறியிருக்கிறதா?’ என்று கேட்டால் எப்படிப் பிடிக்கும்?

வந்தவர்கள் நடைபாதையில் நின்றபடியே கேட்டார்கள். சிமியோன் தன் சொந்தச் செலவில் பெஞ்சுகள் வாங்கிப் போட்டார். கோயில் நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே கல்லறைத் தோட்டத்தில் வீசினார்கள். ஞாயிறு மாலை ஆராதனை ஒன்று ஆரம்பித்தார். அவர்கள் கோயில் கதவையே பூட்டினார்கள். பிற்பகல் பிரசங்கத்துக்கு ஆள் தெரிந்தெடுக்கும் உரிமை சபையாரிடம் இருந்தது. 12 ஆண்டுகள் அதை அவருக்குத் தராமல் வேறு ஆட்களுக்கே கொடுத்தார்கள். பூட்டிய இருக்கைகளும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தன.

பத்து வாரங்கள் இல்லை, பத்து ஆண்டுகள்!

சீமோன் சுமந்த சிலுவை

கோயிலுக்கு வெளியிலும் நிலைமை அதேதான். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அவரைப் பின்பற்றியவர்களுக்கு ‘சிம்ஸ்’ என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பிரசங்கம் நடக்கும்போது ஜன்னலில் கல் விழும். சிமியோன் கிங்ஸ் கல்லூரியின் ஆசிரியர் குழுவில் ஒருவர். ஆனால் சக ஆசிரியர்கள் அவரோடு சேர்ந்து நடக்கவே தயங்கினார்கள். தன் கல்லூரிக்காரர் ஒருவர் கால்மணி நேரம் தன்னோடு புல்வெளியில் நடந்துவந்ததை, ஓர் அதிசயம்போல முதிய வயதில் நினைவுகூர்ந்திருக்கிறார் அவர். எவ்வளவு தனிமையில் இருந்திருந்தால் அந்தக் கால்மணி நேரம் அப்படி மனதில் நின்றிருக்கும்!

ஒருநாள் மிகவும் மனம் சோர்ந்து, கையில் கிரேக்க மொழிப் புதிய ஏற்பாட்டோடு வெளியே நடந்துபோனார். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்காதா என்று புத்தகத்தைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டது, இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி சிரேனே ஊர் சீமோனைச் சேவகர்கள் கட்டாயப்படுத்திய இடம். சீமோனும் சிமியோனும் ஒரே பெயர்தான். தன் பெயரையே அங்கே பார்த்ததும் அவருக்குள் ஏதோ திரும்பியது. ‘எனக்கு ஏன் இந்தச் சுமை’ என்று வெளியே போனவர், ‘இந்தச் சுமையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததே’ என்று சந்தோஷமாக வீடு திரும்பினார்.

சிமியோன் பிறவியிலேயே சாந்தமானவர் என்று நினைத்துவிட வேண்டாம். முன்கோபக்காரர். ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, அந்த வீட்டு வேலைக்காரர் கணப்பு நெருப்பைக் கிளறிய விதம் பிடிக்காமல், முதுகில் ஓர் அடி வைத்துவிட்டார். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், அந்த வேலைக்காரரே எழுதியதுபோல ஒரு கடிதம் எழுதி சிமியோனின் பைக்குள் வைத்தார். அன்பைப் பற்றி அழகாகப் பிரசங்கிப்பவர் ஒரு கணப்புக்கு இப்படிக் கோபப்படலாமா என்பது கேள்வி. சிமியோன் தப்பை ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் என்ன எழுதினார் தெரியுமா? ‘பெருமையும் சிடுசிடுப்பும் உள்ள சார்ல்ஸ்’ என்று எழுதினார்.

அந்தப் பொறுமை அவராக முயன்று கற்றுக்கொண்டது. அதில் அவர் வழுக்கியதும் உண்டு. வழுக்கியதை ஒளித்ததில்லை.

54 ஆண்டுகள்

அவர் அந்த ஆலயத்தை விட்டு வேறு இடம் தேடவில்லை. 1836 நவம்பர் 13ஆம் தேதி இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். மொத்தம் 54 ஆண்டுகள். நடுவில் 1807 வாக்கில் குரல் கெட்டது. ஒரு பிரசங்கம் முடித்தால் அப்புறம் பேச முடியாது, குசுகுசுப்பாகத்தான் வரும். ஏறக்குறைய 12 ஆண்டுகள் அந்த நிலைமை. 60 வயதில் ஓய்வு பெறலாம் என்று எண்ணியிருந்தார். அந்த வயதை நெருங்கும்போதுதான் குரல் திரும்பியது. இது ஓய்வெடுக்க அல்ல, உழைக்கக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் உழைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கிங்ஸ் கல்லூரியில் அவருடைய அறைக் கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். தேநீர் உண்டு. மாணவர்கள் என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், எல்லோர் முன்னாலும் பதில் சொல்வார். பிரசங்கம் தயாரிப்பது எப்படி என்று வருங்காலக் குருவானவர்களுக்குத் தனி வகுப்பும் நடத்தினார். அவருக்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இப்படி அவரிடம் பயின்று போனவர்கள் இங்கிலாந்தெங்கும் சபைகளில் குருவானவர்கள் ஆனார்கள்.

இந்தக் கதைக்குத் தாமிரபரணிக் கரையோடும் தொடர்பு இருக்கிறது. 1799ல் லண்டனில் சர்ச் மிஷனரி சொசைட்டி தொடங்கப்பட்டது. தொடங்கலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டே இருந்தவர்களை, ‘என்ன செய்யப் போகிறோம், எப்போது செய்யப் போகிறோம்?’ என்று நேருக்கு நேர் கேட்டு உசுப்பியவர்களில் சிமியோன் முக்கியமானவர். நெல்லை மாவட்டத்துப் பெரியவர்கள் ‘சி.எம்.எஸ்.’ என்று சொல்வது அந்தச் சங்கத்தைத்தான். அது அனுப்பிய ரேனியஸ் ஐயர் 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அங்கே எழுந்த சபைகளும் பள்ளிக்கூடங்களும் 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தன. சிமியோனிடம் உதவிக் குருவானவராக இருந்த ஹென்றி மார்ட்டின், இந்தியாவுக்கு வந்து புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்தார். 1812ல் 31 வயதில் துருக்கி மண்ணில் இறந்துபோனார். மார்ட்டினின் படம் சிமியோனின் கணப்புக்கு மேலே மாட்டியிருந்தது. விளையாட்டாக இருந்துவிடாதே என்று அந்தப் படம் தன்னை எச்சரிப்பதாக வருகிறவர்களிடம் சொல்வாராம்.

சிமியோனின் அடக்கத்தன்று கேம்பிரிட்ஜ் கடைத்தெருவில் கடைகளை அடைத்தார்கள். அவரோடு நடக்கக் கூச்சப்பட்ட அதே பல்கலைக்கழகம் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் திரண்டது.

சோர்ந்துபோன ஊழியர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது ஆங்கிலிக்கன் சபையில் வழக்கம். நல்ல கதைதான். ஆனால் கதையை இதோடு நிறுத்தினால் ஓர் ஆபத்து உண்டு. ‘பொறுத்துப்போ, வாயைத் திறக்காதே, எல்லாம் சரியாகும்’ என்பதுதான் அதன் பாடம் என்று யாராவது நினைத்துவிடலாம். அப்படி நினைப்பதால் என்ன ஆகும் என்பதை அதே கேம்பிரிட்ஜ் சரியாக 200 ஆண்டுகள் கழித்துப் பார்த்தது.

1982ல் எழுதிய அறிக்கை

ஜான் ஸ்மித் என்று லண்டனில் ஒரு பிரபல வழக்கறிஞர். பக்திமான் என்று பெயர் எடுத்தவர். பெரிய பள்ளிகளின் மாணவர்களுக்காக இவாஞ்சலிக்கல்கள் நடத்திய கோடை முகாம்களில் முக்கியப் புள்ளி. முகாமிலும் பள்ளியிலும் பழக்கமான பையன்களைத் தன் வீட்டுக்கு அழைப்பார். தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பிரம்பால் ரத்தம் வரும்வரை அடிப்பார். பாவத்துக்குத் தண்டனை, பரிசுத்தத்துக்குப் பயிற்சி என்று அதற்கு வேதாகம விளக்கமும் கொடுப்பார்.

அடிபட்ட ஒரு மாணவர் தாங்க முடியாமல் உயிரை விடத் துணிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கேம்பிரிட்ஜில் ஊழியம் செய்த ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர்களிடம் விசாரித்து 1982ல் அறிக்கை எழுதினார். நடந்தது கொடுமை என்று அதில் தெளிவாகவே இருந்தது. அறிக்கை சிலர் கைக்குப் போனது. போலீசுக்குப் போகவில்லை.

ஏன்? இது வெளியே தெரிந்தால் தேவனுடைய வேலைக்குப் பெரிய சேதம் வந்துவிடும் என்று நினைத்ததாக, அறிந்திருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார்.

ஸ்மித் 1984ல் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் முகாம்கள் நடத்தினார். அங்கேயும் பையன்களை அடித்தார். 1992ல் அவருடைய முகாமில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். வழக்குப் போட்டார்கள், அது பாதியிலேயே விழுந்தது. அதன்பின் தென்னாப்பிரிக்கா போய்விட்டார். 2017ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று எல்லாவற்றையும் வெளிக்கொண்டு வந்தது. 2018ல், எந்த நீதிமன்றமும் தண்டிக்காமலே, கேப்டவுனில் இறந்தார்.

இதை விசாரித்த மேக்கின் அறிக்கை 2024 நவம்பரில் வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் அதிகம் என்றது. 2013ல் விவரம் தெரியவந்தபோது காண்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அதை முறைப்படி போலீசாரிடம் கொண்டுபோயிருக்க முடியும், கொண்டுபோயிருக்க வேண்டும் என்றது. நவம்பர் 12ஆம் தேதி வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். உலக ஆங்கிலிக்கன் சபைகளின் மூத்த பதவி அது. மறுநாள் 13ஆம் தேதி, இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்காட்டியில் சார்ல்ஸ் சிமியோனின் நினைவுநாள்.

யாருக்கு நடந்த அநியாயம்?

இரண்டு கதைகளிலும் வாய் மூடியிருந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் சபையின் நன்மைக்காக என்றுதான் காரணம் சொல்லப்படுகிறது. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

அநியாயம் யாருக்கு நடந்தது என்பதில்தான். சிமியோன் பொறுத்துக்கொண்டது தனக்கு நடந்த அநியாயத்தை. கேலி அவருக்கு, பூட்டு அவருக்கு எதிராக, தனிமையும் அவருடையது. தன் கணக்கில் வந்த கடனைத் தள்ளிவிட ஒருவருக்கு உரிமை உண்டு. 1982ல் மௌனமாக இருந்தவர்களோ, வேறு யாருடைய கணக்கிலோ இருந்த கடனைத் தாங்களாகவே தள்ளிவிட்டார்கள். முதுகில் காயம் பட்டது பையன்களுக்கு. அதை மறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பெரியவர்களுக்கு என்ன உரிமை?

சிமியோனுக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. தன்னைக் கேலி செய்தவர்களை விட்டுவிட்டவர், ஆராதனைக்கு வந்த எளிய ஜனங்களை மாணவர்கள் தொல்லைப்படுத்தியபோது அப்படி விடவில்லை. பல்கலைக்கழக அதிகாரிகள்வரை போனார். ஒருமுறை, ரகளை செய்த மாணவன் சபை நடுவே எழுந்து நின்று எழுத்தில் இருந்த மன்னிப்பை வாசிக்க வேண்டியதாயிற்று. அவன் முணுமுணுப்பாக வாசித்தான். யாருக்கும் கேட்கவில்லை. சிமியோன் அந்தத் தாளை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி தானே உரக்க வாசித்தார்.

அவருடைய நண்பர் வில்லியம் வில்பர்போர்ஸும் இதே இவாஞ்சலிக்கல் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். அடிமை வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி 1789ல் நாடாளுமன்றத்தில் பேச ஆரம்பித்தவர், 1807ல் சட்டம் வரும்வரை விடவில்லை. தோற்றார், கேலிக்கு ஆளானார், மறுபடி மறுபடி தீர்மானம் கொண்டுவந்தார். தோல்விகளைப் பொறுத்துக்கொண்டார், அடிமைகளுக்கு நடந்ததைப் பொறுத்துக்கொள்ள மறுத்தார். பொறுமையும் பேச்சும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்றையும் கவனிக்கலாம். சிமியோனின் அறையில் கேள்வியும் பதிலும் எல்லோர் முன்னாலும் நடந்தன. ஸ்மித்தின் காரியம் கொட்டகைக்குள் நடந்தது. ஓர் இளைஞனைத் தனியே அழைத்து, ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய பக்திமானாக இருந்தாலும் அங்கேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். நல்ல ஊழியத்துக்குக் கதவைத் திறந்துவைப்பதில் நஷ்டமில்லை.

கட்டப்படுகிற சபை

இன்று இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் இவாஞ்சலிக்கல் குடும்பங்கள் சோர்வாகத்தான் இருக்கின்றன. தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பிய முகாம்களைப் பற்றி இப்படி ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களின் எண்ணிக்கை முன்பு இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கிறது. இதற்கு நடுவே கருத்து வேறுபாடுகள் வேறு. ஒரே பாலினத் தம்பதிகளுக்கு வழக்கமான ஆராதனைக்குள் ஆசீர்வாத ஜெபம் சொல்ல 2023 இறுதியில் அனுமதி கிடைத்தது. இவாஞ்சலிக்கல்களில் பெரும்பாலோர் இது வேதாகமத்துக்கு விரோதம் என்கிறார்கள். வேறு மாதிரி நினைக்கிறவர்களும் அவர்களுக்குள் உண்டு. 2025 அக்டோபரில் அடுத்த காண்டர்பரி பேராயராக சாரா முல்லலி அறிவிக்கப்பட்டார். இந்தப் பதவிக்கு முதல் பெண் அவர். முன்பு நர்ஸாகப் பணியாற்றி, இங்கிலாந்தின் தலைமை நர்ஸ் அதிகாரி பொறுப்புவரை போனவர். பலர் மகிழ்ந்தார்கள். 2008ல் ஜெருசலேமில் கூடி உருவான ‘கஃப்கான்’ என்ற பழமைவாத ஆங்கிலிக்கன் கூட்டமைப்போ, காண்டர்பரியின் தலைமையை ஏற்க முடியாது என்று அந்த மாதமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

ஒரே ஜெபப் புத்தகத்தில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து முகம் திருப்பிக்கொள்கிற காலம். இங்கேதான் சிமியோனின் பொறுமைக்கு இடம் இருக்கிறது.

1784 டிசம்பரில் 25 வயது சிமியோன், 81 வயது ஜான் வெஸ்லியைச் சந்தித்தார். இரட்சிப்பைப் பற்றி எதிரெதிர் கட்சி என்று கருதப்பட்டவர்கள் இருவரும். சிமியோன் வாதம் செய்யவில்லை, கேள்வி கேட்டார். உங்களால் உங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று நினைக்கிறீர்களா, கிறிஸ்து மூலமாக மட்டும்தானா, முதலில் காத்தவர் கடைசிவரைக்கும் காக்க வேண்டாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியவர் எல்லாவற்றுக்கும் ‘கிறிஸ்துவே’ என்றார். அப்படியானால் நான் கத்தியை உறையில் போட்டுவிடுகிறேன், நான் சொல்வதும் இதைத்தான் என்றார் சிமியோன். வித்தியாசங்கள் மறைந்துவிடவில்லை. எதில் ஒன்றாக நிற்கிறோம் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

எல்லா வேறுபாடும் இப்படித் தீராது. சில விஷயங்களில் மனசாட்சி வளைந்துகொடுக்காது. ஆனால் எதிர்க்கட்சிக்காரர் என்ன சொல்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்ட பிறகு மறுப்பது ஒரு வகை, கேட்காமலே பட்டம் கட்டுவது இன்னொரு வகை.

ஊக்கம் தருகிற விஷயங்களும் இருக்கின்றன. இன்று இங்கிலாந்துத் திருச்சபையில், பிள்ளைகளையும் பலவீனரையும் பாதுகாக்கப் பொறுப்பாளர் ஒருவர் சபைதோறும் இருக்க வேண்டும். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற நர்ஸ்கள், இல்லத்தரசிகள் என்று சாதாரண ஜனங்கள்தான் சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறார்கள். பாதுகாப்புப் பணியைச் சபைக்கு வெளியே உள்ள சுதந்திரமான அமைப்பிடம் எவ்வளவு தூரம் ஒப்படைப்பது என்று திருச்சபையின் பொது மன்றம் 2025 பிப்ரவரியில் விவாதித்தது. மத்தியில் உள்ள பணியாளர்களை அப்படி மாற்றுவது என்று முடிவானது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இது போதவில்லை. ஆனால் அவர்கள் பேசுகிறார்கள், திருச்சபை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. 1982ல் இந்த அளவும் இல்லை. சேதம் வரும் என்று பயந்து மூடிவைத்ததால் வந்த சேதம் எவ்வளவு பெரியது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கிறது. மாணவர்கள் வருகிறார்கள்.

நம்மூர்ச் சபையில்

கடல் தாண்டிய கதை என்று தள்ளிவிட முடியாது. சபைத் தேர்தலில் தோற்றவர் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பதும், புது ஐயரைப் பிடிக்காமல் ஒரு கூட்டம் ஒதுங்கி நிற்பதும் நம்மூரில் நடக்காததா? அங்கெல்லாம் சிமியோனின் வழி உதவும். தனக்கு மரியாதை கிடைக்கவில்லை, தன் பெயரைச் சொல்லவில்லை, தன் குடும்பத்தை மதிக்கவில்லை என்கிற வருத்தங்களைச் சுமந்துகொண்டே வேலையைத் தொடரலாம். பத்து ஆண்டுகள் ஆனாலும் சில பூட்டுகள் திறக்கும்.

ஆனால் ஒரு குழந்தை, ஒரு பெண், ஒரு முதியவர், கோயில் வேலையாள் யாராவது வந்து, ‘எனக்கு இப்படி நடந்தது’ என்றால் அங்கே சிமியோனின் பூட்டுக் கதையைச் சொல்லக் கூடாது. ‘ஜெபம் பண்ணு, மன்னித்துவிடு, சபைப் பெயர் கெட்டுவிடும்’ என்று சொல்லவே கூடாது. முதலில் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அடுத்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் அதுவே குற்றம், சிறைத் தண்டனையும் உண்டு. குருவானவர், கமிட்டி உறுப்பினர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்று யாருக்கும் இதில் விலக்கு இல்லை.

காயப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பேசினால் விசுவாசத்தில் குறைந்துபோனதாக அர்த்தமில்லை. சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவர்களைப் பற்றி இயேசு பேசியபோது மென்மையாகப் பேசவில்லை. ஏந்திரக்கல்லைக் கழுத்தில் கட்டி ஆழ்கடலில் தள்ளுவதே அவனுக்கு நலம் என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசினார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு சின்ன வேலை செய்யலாம். சபை அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். பிறந்தநாள், திருமண நாள், காணிக்கை விவரம் எல்லாம் இருக்கும். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறதா? யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு பெயராவது எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஐயரிடம் கேட்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்காமலே வாசிக்கிற உயரத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.